கரண்ட் வந்த நிமிடம்

வியாழன்தோறும் மாலை நான்கு மணிக்கு
அந்தப் பொத்தானை அழுத்துவேன்.
ஆயிரம் பேர் பிறப்பார்கள்.
ஊர் இல்லை, பேர் இல்லை.
வினாடிக்கு இருவராக
வரிசை கலையாமல் உள்ளே வருவார்கள்,
பால் ஊற்றுவார்கள், ரசீது வாங்குவார்கள்,
மூன்று வினாடி யோசிப்பார்கள்
(யோசிக்க நாங்கள் கொடுத்த நேரம் அது),
போய்விடுவார்கள்.
சராசரி ஒன்று புள்ளி இரண்டு வினாடி.
பச்சை.
இலந்தைக்குளத்து ஐந்தாம் மாடியிலிருந்து
நான் டீ குடிக்க இறங்குவேன்.

மூன்று வருடமாக அதே ஸ்கிரிப்ட்.
எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.
ஒரு வரிக்கு மேலே குறிப்பு வைத்திருக்கிறார்:
ஏன் என்று தெரியவில்லை, தொடாதே.
தொட்டதில்லை.
அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றுவேன்.
ஒருமுறை அதையும் மறந்தேன்.
யாரும் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு மழைக்காலை
சங்கங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டும் நின்றுபோயின.
நாற்பது நிமிடம்.
சர்வரைப் பெரிதாக்குவோமா என்றார் ஜெரால்டு.
அதற்கு முந்தின நிமிடம் அங்கே என்ன நடந்தது
என்றாள் ரிஸ்வானா.
எங்கள் அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆரப்பாளையத்தில் நாலரை மணி பஸ்.
கருமாத்தூரில் இறங்கும்போது இன்னும் இருட்டு.
பால் சங்கத்தில் ஒரு எடைத்தட்டு,
கொழுப்பு பார்க்கும் பெட்டி,
கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் உறை,
உறைமேல் காய்ந்த பால்.
செயலர் தவமணி ஒரு கேனுக்கு
மூன்று முறை எண்டர் தட்டுகிறார்.
ஏண்ணே மூணு தடவை?
ஒரு தடவை தட்டினா அது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதேம்மா.
ரிஸ்வானா நோட்டில் எழுதினாள்:
ஒருவர் என்றால் மூவர்.

ஆறு இருபதுக்குக் கரண்ட் போனது.
யாரும் ஆச்சரியப்படவில்லை.
ஒச்சம்மா கேனைக் கீழே வைத்து
ஈரத்துண்டைச் சுற்றினார்.
மகனுக்கு ஸ்கூல் பஸ் ஏழு மணிக்கு,
இன்னும் சோறு வடிக்கவில்லை என்று
பொதுவாக, காற்றிடம் சொன்னார்.

ஆறு ஐம்பத்தொன்றுக்கு வந்தது.
இங்கே மட்டுமா?
செக்கானூரணியில், விக்கிரமங்கலத்தில்,
உசிலம்பட்டி வரைக்கும்
ஒரே மூச்சில் கண்விழித்த கம்ப்யூட்டர்கள்
பாக்கிக் கணக்கையெல்லாம் தலையில் தூக்கிக்கொண்டு
ஒரே வாசலில் முட்டின.
திரையில் அந்த வட்டம் சுற்றியது.
பதில் வராவிட்டால் மறுபடி கேள்
என்று எழுதிவைத்தது நாங்கள்தான்,
நல்ல எண்ணத்தில்.
அவை கேட்டன. மறுபடி கேட்டன.
தவமணி எண்டர் எண்டர் எண்டர் என்று தட்டினார்.

பதினொரு நிமிடம்.
ரிஸ்வானா கைபேசியில் அளந்தாள்.
அதற்குள் ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்துக் கடந்துவிட்டது.
எங்கள் கணக்கில் ஒச்சம்மா
ஒன்று புள்ளி இரண்டு வினாடி.
சராசரி என்று எவரும்
கேனைத் தூக்கிக்கொண்டு அங்கே வரவில்லை.
நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் போனபின்
கடைசியில் நிற்கும் ஒருவரை
நாங்கள் அறிக்கையின் ஓரத்தில்
வெட்டிவிட்டிருந்தோம்,
படம் அழகாக வருவதற்காக.

திரும்பி வந்து அந்த வரியைத் தொட்டேன்.
வினாடிக்கு இருவர்.
அவ்வளவுதான் அது.
இருவர் ஏன் என்று
எழுதியவருக்கே தெரியாமல் இருந்தது.

இப்போது பொத்தானை அழுத்தினால்
முதலில் கரண்ட் போகிறது.
பிறகு எல்லோரும் ஒரே நிமிடத்தில்,
முண்டியடித்துக்கொண்டு,
மும்மூன்றாகத் தட்டியபடி வருகிறார்கள்.
சிவப்பு.
ஜெரால்டுக்குப் பிடிக்கவில்லை,
காலாண்டு அறிக்கை நெருங்குகிறது.
எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது.
ஆனால் டீக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது வியாழன்.
நான்கு மணிக்கு என் கை தானாகவே
பொத்தானுக்குப் போயிருந்தது.
புது ஸ்கிரிப்டும் பழகிவிட்டது போல.
ரிஸ்வானா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆடி பிறக்க ஒன்பது நாள்.
காற்றில் வேப்பங்கிளை கம்பியில் விழுந்தால்
கரண்ட் போகாது,
விட்டு விட்டு வரும்.
அதை இன்னும் நாங்கள் எழுதவில்லை.